அழுகலில் எழுந்தருளியவள்

பாக்டீரியாவை மனிதக் கண் முதன்முதலாகத் தரிசித்தது மிளகுத் தண்ணீரில். ஆண்டு 1676, ஊர் ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட். லேவன்ஹுக் என்ற ஜவுளி வியாபாரிக்கு மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தம் கையாலேயே தேய்த்த கண்ணாடி வில்லை வழியாகப் பார்த்தார். காரம் அகப்படவில்லை. அதற்குப் பதில் எண்ணி முடியாத சிறு உயிர்கள் அந்தத் துளிக்குள் நீந்திக்கொண்டிருந்தன. விடுவாரா மனுஷர்? இஞ்சி, கிராம்பு, ஜாதிக்காய் என்று ஒவ்வொன்றாக ஊறவைத்துப் பார்த்தார். அந்த அக்டோபரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். அங்கே எளிதில் நம்பவில்லை. மறு வருஷம் நவம்பரில் ராபர்ட் ஹூக் தாமே மிளகுத் தண்ணீர் ஊறவைத்துச் சபையில் காட்டிய பிறகுதான் வாயடைத்தார்கள்.

அந்த நாளில் கொச்சி டச்சுக்காரர் கையில் இருந்தது. 1663-இல் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்த கோட்டை. டச்சுக் கம்பெனிக் கப்பல்கள் இந்தக் கரையில் மிளகு ஏற்றிக்கொண்டிருந்தன. நான் தென்காசியில் பிறந்து மட்டாஞ்சேரியில் வாழ்க்கைப்பட்டவள். யூதத் தெருவில் பழைய பாண்டிகசாலைகளைக் கடக்கும்போது மிளகும் சுக்கும் மணக்கும், எனக்கு மயிர்க்கூச்செறியும். கண்ணுக்குத் தெரியாத அத்தனை உயிர்களின் நடையைத் திறந்த சாவி, எங்கள் கரை காலகாலமாய்க் கப்பலேற்றிய சரக்கு! இந்த ஊரில் எத்தனை சந்நிதிகள்: கொங்கணிகளின் திருமலைக் கோயில், சமணர் கோயில், 1568-இல் கட்டிய யூத ஜெபாலயம். அத்தனைக்கும் நடுவே இன்னொரு சந்நிதி மூட்டைகளுக்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

பக்தி அனுபவம் எழுதச் சொன்னால் இவள் மிளகு வியாபாரம் பேசுகிறாளே என்று யாரும் கோபிக்க வேண்டாம். பணி ஓய்வு பெறும்வரை கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்தவள் நான். என் பகவதியை நான் எங்கே கண்டேன் என்று உள்ளபடி சொல்வதென்றால், அழுகிய கிழங்கில் கண்டேன். சொல்லவே நா கூசுகிற இடம்தான். அவளுக்குக் கூச்சமில்லை, எனக்கு மட்டும் எதற்கு?

கர்க்கடக மழை கொட்டுகிற மாதம் பஜார் ரோட்டுக்கு வந்து பாருங்கள். ஈரச் சாக்கு, ஈரச் சுவர், ஈரக் காற்று. அங்கே எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வெங்காயமும் உருளைக்கிழங்கும் போடுகிறார். என்னைக் கண்டால் விடமாட்டார். “டீச்சரம்மா, இங்க வாங்க. மேல பாத்தா மாசு மருவில்ல. கையில எடுங்க.” எடுத்தேன். உருண்டையான, தோல் முறியாத, சாதாரண உருளைக்கிழங்கு. கட்டைவிரல் மெல்லப் பட்டதுமே உள்ளே போய்விட்டது. தோலுக்குள் கிழங்கே இல்லை, வெண்ணெய்ப் பதத்தில் வெளிறிய கூழ். விளிம்பில் மட்டும் கறுப்பாக ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு அப்பால் கிழங்கு கல்லுப்போல இருக்கிறது. பிறகு அந்த வாடை வந்தது. பக்கத்தில் நின்ற சுமட்டுத் தொழிலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு, “சீஞ்ஞு போயி, டீச்சறே” என்றார். நான் கையை எடுக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. இரண்டு பேரும் வாடையால்தான் என்று நினைத்திருப்பார்கள்.

அங்கே நடந்திருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். செடியின் செல் ஒவ்வொன்றையும் அடுத்த செல்லோடு ஒட்டி நிறுத்துவது பெக்டின் என்ற பசை. அழுகல் பாக்டீரியா அந்தப் பசையைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கிறது. செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்றுகொள்கின்றன. உள்ளே இருந்த நீரும் மாவும் சர்க்கரையும் வெளியே வழிகின்றன. இவ்வளவு பெரிய காரியத்தை ஒரு பாக்டீரியா தனியாகச் செய்ய முடியாது, செய்யவும் துணியாது. நொதியைக் கொஞ்சமாகச் சுரந்தால் செடி விழித்துக்கொண்டு தற்காப்பைத் தொடங்கிவிடும். ஆகவே அவை பொறுத்திருக்கின்றன. கிழங்கின் தோலில் காற்றுப் போக உள்ள நுண்துளைகளில், ஒரு காயத்தில், மாதக்கணக்கில் சும்மா கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சின்னஞ்சிறு மூலக்கூறை மட்டும் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. ஈரம் படர்ந்து, காற்று குறைந்து, எண்ணிக்கை பெருகப் பெருக, அந்த மூலக்கூறும் அடர்கிறது. ஓர் அளவைத் தாண்டியதும் எல்லாம் ஒரே சமயத்தில் நொதியைத் திறந்துவிடுகின்றன.

பஜனை மடத்தில் முதலில் வந்தவர் நாமத்தை வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார். இன்னும் நாலு பேர் வருவார்கள், முணுமுணுப்பு கொஞ்சம் கனக்கும். கூடம் நிறைந்த ஒரு நொடியில், யார் தொடங்கினார்கள் என்றே தெரியாமல், ஜால்ராவும் குரலும் சேர்ந்து ஓங்கிவிடும். பாடப்புத்தகத்தில் இந்தப் பாக்டீரியாப் பேச்சை முதன்முதல் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடலில் கணவாய் மீனின் உடலுக்குள் இருந்து ஒளிவிடும் பாக்டீரியாவும் இதே வகை மூலக்கூறால்தான் ஒன்றையொன்று கூப்பிடுகிறது. அங்கே கூட்டம் கூடினால் வெளிச்சம்; இங்கே கூடினால் அழுகல். பேசும் மொழி ஒன்றுதான்! அம்மே, உன் தீபாராதனைக்கும் உன் சங்காரத்துக்கும் ஒரே மணியா?

லலிதைக்கு ஆயிரம் நாமம். இந்த அழுகலுக்கும் நாமம் பெருகிக்கொண்டே போகிறது. 1901-இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் எல். ஆர். ஜோன்ஸ் அழுகிய கேரட்டிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்து எழுதி வைத்தார். பல காலம் எர்வினியா என்று ஒரே பெரிய குடும்பமாக அழைத்தார்கள். மரபணுவைப் படிக்கக் கற்ற பிறகுதான், ஒருத்தி என்று நினைத்தது ஒரு கூட்டம் என்று தெரிந்தது. 1998-இல் பெக்டோபாக்டீரியம் என்ற பேரினம் நிலைபெற்றது. 2005-இல் டிக்கேயா தனியே பிரிந்தது. இந்தக் கூட்டத்தின் பெயர்களை நான் காலையில் விளக்கேற்றிவிட்டு அர்ச்சனையாகச் சொல்லுவதுண்டு. வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

குளிர்நாட்டு உருளைச் செடியின் அடித்தண்டைக் கறுக்கவைக்கும் பெக்டோபாக்டீரியம் அட்ரோசெப்டிகமே போற்றி. 2004-இல் பிரேசிலில் பெயர் பெற்று, வெப்பம் கூடிய நிலங்களில் உலாவரும் ப்ரசிலியென்ஸே போற்றி. சேம்பு போன்ற ஒருவித்திலைக் குலங்களில் குடியிருந்து 2013-இல் தனிப்பெயர் கொண்ட அரோய்டியாரமே போற்றி. பாகிஸ்தான் பஞ்சாபின் உருளைக்கிழங்கில் 2018-இல் வெளிப்பட்ட பஞ்சாபென்ஸே போற்றி. கிழங்கே வேண்டாமென்று ஆற்றுநீரில் வாழ்ந்துகொண்டிருந்த டிக்கேயா அக்வாட்டிகாவே போற்றி, போற்றி.

வாய் கூசாமல் சொல்கிறேன். பெயருக்குள் போனால் அதைவிட ஆழம். ஸ்காட்லாந்தில் அட்ரோசெப்டிகத்தின் மரபணுத் தொகுப்பு முழுவதையும் 2004-இல் படித்து வெளியிட்டார்கள்: ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகள். இவள் சொந்தக்காரர் யார் யார் என்று பார்த்தால், நம் குடலில் வாழும் ஈ. கோலியும், பிளேக் நோயைக் கொடுத்த எர்சினியாவும் ஒரே வம்சத்துக் கிளைகள். அந்த மனித நோய்க்கிருமிகளோடு ஒப்பிட்டபோது, இவளிடமுள்ள மரபணுக்களில் மூன்றில் ஒரு பங்கு அவர்களிடம் இல்லாதவை. செடியோடு பழக, செடியைக் கரைக்க, மண்ணில் தாக்குப்பிடிக்க வேண்டிய சாமான்கள் அதற்குள் இருந்தன. பல, வேறு பாக்டீரியாக்களிடமிருந்து வாங்கியவை. வைரஸ் வழியாகக் கைமாறியவை உண்டு. தாய் வழிச் சொத்து பாதி, வழியில் கிடைத்தது பாதி என்று ஒரு உயிர். ஒரே வயலில், ஒரே கிழங்கில் எடுத்த இரண்டு அழுகல்கள் வேறு வேறு இனமாக இருக்கலாம். ஒரே இனத்துக்குள்ளேயே ஒருத்தியிடம் உள்ள மரபணு இன்னொருத்தியிடம் இருக்காது. மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் தாம் கடந்துவந்த பிறவிகளை அடுக்கும்போது புழுவையும் சேர்த்துக்கொண்டார். அவரிடம் ஒரு நுண்ணோக்கி இருந்திருந்தால் அந்த அடுக்கு எங்கே போய் நின்றிருக்கும்!

இனி இஞ்சிக்கு வருகிறேன். கொச்சிச் சுக்கு என்றால் உலகச் சந்தையில் தனி மரியாதை. எங்கள் வீட்டாரும் சுக்குக் கணக்கெழுதிப் பிழைத்தவர்கள்தான். இங்கே வாழ்ந்த டச்சுத் தளபதி வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரையும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி பிராமணர்களையும் வைத்துக்கொண்டு மலபார்ச் செடிகளை எல்லாம் எழுதச் செய்தார். அந்த வைத்தியர்கள் 1675-இல் கொச்சியில் கையெழுத்திட்டுக் கொடுத்த சான்றுகள் முதல் தொகுதியிலேயே இருக்கின்றன. ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678-இலிருந்து 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அதில் இஞ்சியும் படத்தோடு இருக்கிறது, இலை, பூ, விரல் விரலாய்க் கிழங்கு. லேவன்ஹுக் டெல்ஃப்ட்டில் இஞ்சித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்ததும் அதே வருஷங்கள்தான். ஒரு தேசத்தார் ஒரே காலத்தில் இஞ்சியின் வெளி உருவத்தை இங்கே வரைகிறார்கள், அதன் நீரில் வாழ்வனவற்றை அங்கே எட்டிப் பார்க்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க இன்னும் இரு நூற்றாண்டு ஆனது.

இஞ்சியில் ‘மூடு சீயல்’ என்று விவசாயிகள் சொல்லும் மென்னழுகலைப் பெரும்பாலும் செய்வது பித்தியம். அது பாக்டீரியாவே அல்ல, பூஞ்சைபோல் தோன்றும் வேறொரு இனம். பாக்டீரியாவின் வேலை வாடல். ரால்ஸ்டோனியா என்று பெயர். இலை ஓரம் சுருளும், மஞ்சள் கீழிருந்து மேலே ஏறும், தண்டைத் தொட்டால் கையோடு வரும், மண்ணுக்குள் கிழங்கு நீர்கோத்து அழுகிக் கிடக்கும். எது வந்திருக்கிறது என்று தெரிய வயலிலேயே ஒரு சோதனை உண்டு. வாடிய தண்டைக் கத்தியால் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீர் எடுத்து, வெட்டுவாய் நீரைத் தொடும்படி அசையாமல் பிடிக்க வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் இராது. பிறகு வெட்டிய இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு இழை இறங்கும். இழை நெளிந்து, நீண்டு, அடியைத் தொட்டு, புகைபோல் விரிந்து, டம்ளர் முழுக்கப் பாலாகிவிடும். அந்த இழையில் கோடிக்கணக்கான ரால்ஸ்டோனியா. மாணவிகளுக்கு இதைக் காட்டும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கை நடுங்கும். அபிஷேகத்தின்போது அம்மன் முகம் பாலில் மறைந்து திரும்பத் தெரியுமே, அந்த நேரத்து நடுக்கம்.

இந்த ரால்ஸ்டோனியாவைக் கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தார் கேரளத்திலும் வெளி மாநிலங்களிலும் இஞ்சி வயல்களிலிருந்து சேகரித்து, மரபணு வடிவங்களை ஒப்பிட்டு, 2004-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். நான் எதிர்பார்த்துப் படித்தது பன்மையை. கண்டதோ அதற்கு நேர்மாறு. ஊர் வேறு, மண் வேறு, மழை வேறு. மரபணுவில் வேற்றுமை மிகக் குறைவு. ஒருத்தியே எல்லா இடத்துக்கும் நடந்து போயிருக்கிறாள். எப்படி? விதை இஞ்சி வழியாக. வெளியே நோய் தெரியாத கிழங்குக்குள் உறங்கிக்கொண்டு, வியாபாரியின் லாரியில், உறவுக்காரன் கொடுத்தனுப்பிய சாக்கில், மாவட்டம் மாவட்டமாய், மாநிலம் மாநிலமாய். ஐரோப்பாவில் டிக்கேயா சோலானியும் இப்படியே விதை உருளைக்கிழங்கோடு நாடு விட்டு நாடு போய், எங்கே எடுத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே முகமாய் நிற்கிறது.

எங்கள் ஆய்வுக்கூடத்திலும் அப்படி ஒரு ஜெல்லைப் பார்த்திருக்கிறேன். இருட்டறை. புற ஊதா விளக்கைப் போட்டதும் ஆரஞ்சு நிறத்தில் கோடுகள் எழும். ஒவ்வொரு நிரலும் ஒரு வயல். முதல் நிரலில் எந்த உயரத்தில் எத்தனை கோடோ, அடுத்ததிலும் அதே உயரத்தில் அத்தனை கோடு, அதற்கடுத்ததிலும் அதுவே. மாணவி ஒருத்தி, “டீச்சர், ஒரே சாம்பிளை மாத்தி மாத்தி ஊத்திட்டேனோ?” என்று பயந்தாள். இல்லை, அவள் சரியாகத்தான் ஊற்றியிருந்தாள். பலவாக விரிந்து நிற்பவளே விரும்பினால் ஒற்றையாகவும் நிற்பாள் என்று நான் சொல்லவில்லை, பாடம் எடுக்கும் இடமாயிற்றே. ஆனால் விளக்கை அணைக்க மனம் வராமல் நின்றேன்.

மட்டாஞ்சேரி அரண்மனை என்றால் வெளியூர்க்காரர்கள் சுவரோவியம் பார்க்கத்தான் வருவார்கள். போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது, டச்சுக்காரர் செப்பனிட்டது, அதனால் டச்சு அரண்மனை என்று பெயர். நடுமுற்றத்தில் ராஜ குடும்பத்தின் குலதெய்வம் பழயன்னூர் பகவதி. கேரளத்துக் கோயில்களில் எனக்கு எல்லா தரிசனத்திலும் பெரிது நிர்மால்யம். விடியுமுன் நடை திறந்ததும், நேற்று சாத்திய மாலையோடும் சந்தனத்தோடும் அவள் இருக்கிறபடியே தெரிவாள். தமிழ்நாட்டுப் பழக்கத்தில் வளர்ந்த எனக்கு முதலில் இது புரியவில்லை. புத்தம் புது அலங்காரத்தைத்தானே பார்க்க ஓடுவோம்? வாடின பூவைப் பார்க்க இருட்டோடு எழுந்து குளித்து ஓட வேண்டுமா?

பஜார் ரோட்டில் கிழங்கைக் கையில் எடுத்ததற்கு மறுநாள் காலை போனேன். மழை விட்டிருந்தது. நடை திறந்தது. செத்திப்பூ மாலை சிவப்பிலிருந்து பழுப்புக்கு இறங்கியிருந்தது. துளசி கறுத்துச் சுருண்டிருந்தது. ஓரிரண்டு இதழ் ஈரத்தில் கசிந்து அவள் தோளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கசிவைப் பார்த்த மாத்திரத்தில் என் நெஞ்சில் ஏதோ கழன்றது. அம்மே! இங்கேயும் நீதானே வேலை செய்கிறாய்! இதழின் செல்லையும் செல்லையும் பிரித்துக்கொண்டு, நேற்றைய மாலையை இன்றைய மண்ணுக்கு அனுப்பிக்கொண்டு, உன் தோளின்மேல் நீயே ஏறி உன் மாலையை நீயே உண்டுகொண்டு! பூவும் நீ, வாடலும் நீ, வாட்டுகிறவளும் நீ. மேல்சாந்தி அந்த மாலையைக் களைந்தெடுத்தபோது எனக்கு அது பூவாகத் தெரியவில்லை. எண்ணற்ற உயிர் நெளியும் ஒரு உலகம் அவர் கையில் தொங்கியது. நின்றேனா, விழுந்தேனா தெரியாது. “அம்மே நாராயணா” என்று என் குரல் எனக்கே அந்நியமாய்க் கேட்டது. பக்கத்தில் நின்ற கிழவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒன்று தொண்டையில் ஏறி நின்றது. லட்சோப லட்சம் பேர் ஒரே குரலில் கூப்பிடும் கூப்பாட்டில் நானும் ஒரு முணுமுணுப்பாய்ச் சேர்ந்துவிட்டேன் என்பது மட்டும் உடம்புக்குத் தெரிந்தது.

இதை எழுதும்போது ஒரு முகம் முன்னால் வந்து நிற்கிறது. என் கொழுந்தனார் வயநாட்டில் இஞ்சி போட்டவர். ஒரே நிலத்தில் திரும்பத் திரும்ப இஞ்சி வராது; மண்ணில் நோய் தங்கிவிடும். அதனால் வயநாட்டுக்காரர்கள் பலரும்போல அவரும் கர்நாடகத்துக்குப் போய்க் குடகில் நிலம் பாட்டத்துக்கு எடுத்தார். அங்கேயும் வாடல் வந்தது. கடன் கழுத்தை நெரிக்க இங்கே வந்து உட்கார்ந்து, “தெய்வ குத்தம் மதினி” என்றார். எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் இல்லை, அந்தச் சொல்லின்மேல். சொந்தப் பிள்ளைகளைப் பழிவாங்கக் கிருமி அனுப்புகிற தாய் யாரும் இல்லை. “விதை எங்கிருந்து எடுத்தீங்க?” என்று கேட்டேன். வயநாட்டிலிருந்து அவரே ஏற்றிக்கொண்டு போயிருந்தார், நோய் வந்த வயலுக்குப் பக்கத்து வயலில் எடுத்தது. பக்தி என்பது கண்ணை மூடிக்கொள்வது என்று யார் சொன்னது? அவளைக் காண வேண்டுமானால் விதைக் கிழங்கை வெட்டிப் பார்க்க வேண்டும். நோயில்லாத வயலில் விதை எடுக்க வேண்டும். நோய் கண்ட நிலத்தில் சில பருவம் வேறு பயிர் போட வேண்டும்.

அவரிடம் இன்னொன்றும் சொன்னேன், சொல்லும்போதே எனக்குப் புல்லரித்தது. அதே கோழிக்கோட்டு நிலையத்தார் இஞ்சியின் திசுக்களுக்குள் வாழும் பாக்டீரியாக்களைத் தேடிப் போனார்கள். அப்படிக் கிடைத்த ஒரு பேசில்லஸ் லைகெனிஃபார்மிஸ், ரால்ஸ்டோனியாவை அடக்குகிறது. இப்போது விவசாயிகளுக்கு அதைக் கொடுக்கிறார்கள். கொல்கிறவளும் கிழங்குக்குள், காக்கிறவளும் கிழங்குக்குள்! கொழுந்தனார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் விஷயத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். மேடத்தில், பரணி ஞாற்றுவேலையில், முதல் மழை விழுந்ததும் புது நிலத்தில் நட்டுவிட்டதாகப் போன் வந்தது.

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். வழிபாட்டுக் கவுண்டரில் புஷ்பாஞ்சலிக்குப் பணம் நீட்டினேன்.

“பேரு?”

“இஞ்சி.”

ரசீது எழுதுகிறவர் தலை நிமிர்ந்தார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

“நாளு?” என்றார், பேனாவை ஊன்றியபடி.

“பரணி,” என்றேன். எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.